தேர் ஓடிய வீதியும் நாம் நின்ற இடமும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி அந்தியூரில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். நம் இளைஞர்கள் அந்தத் திரும்பிப் பார்த்தலைச் சொல்லளவில் நிறுத்திவிடவில்லை. வீடு வீடாகச் சென்று, பெட்டிக்குள்ளும் பரணிலும் சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் இருந்த பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கி, படியெடுத்து, இம்மண்டபத்தின் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் படங்களோடு, நூல்களிலிருந்தும் பழைய அஞ்சலட்டைகளிலிருந்தும் எடுத்த வெளியூர், வெளிநாட்டு வீதிப் படங்களையும் சேர்த்து, இரண்டிரண்டாக இணைத்து வைத்திருக்கிறார்கள். இணைத்துப் பார்த்தபோது சமயத்தைச் சார்ந்த பொதுமைகள் பல தென்பட்டன என்றும், அவற்றைப் பற்றி நான் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் இட்ட பணியை நிறைவேற்றவே உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் இச்சுவரில் இல்லாத ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1838-ஆம் ஆண்டில், புகைப்படக் கலையைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான தகேர் என்னும் பிரெஞ்சுக்காரர், பாரிஸ் நகரில் ஓர் உயரமான சன்னலிலிருந்து கீழே தெரிந்த வீதியைப் படம் எடுத்தார். அது வண்டிகளும் குதிரைகளும் மனிதர்களும் நெருக்கியடித்துச் செல்லும் வீதி. ஆயினும் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அக்காலக் கருவிக்கு ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், நடந்தவர்களும் ஓடியவர்களும் தகட்டில் பதியவே இல்லை. ஓரிடத்தில் நின்றவர் மட்டுமே பதிந்தார். அவர் யார் தெரியுமா? காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தம் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த ஒருவர். அவருடன், அவர் காலடியில் குனிந்து அந்தக் காலணியைத் துடைத்துக்கொண்டிருந்த தொழிலாளியும் மங்கலாகப் பதிந்தார்.

உலகில் மனிதர் பதிந்த முதல் வீதிப் படம் என்று பெரும்பாலோர் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தப் படத்தில் ஒருவர் நிற்கிறார், ஒருவர் குனிந்திருக்கிறார். தோலோடு தொழில் செய்தவர்களின் வழிவந்த நாம் அந்தப் படத்தை வெறும் வியப்போடு பார்த்துவிட்டு நகர முடியாது. இருவர் பெயருமே வரலாற்றுக்குத் தெரியாது. ஆனால் எந்த நூலை எடுத்தாலும் நின்றவரைப் பற்றியே முதலில் பேசுகிறார்கள். குனிந்தவர் பெரும்பாலும் இரண்டாம் வரியில்தான் வருகிறார். பழைய படத்தைப் பார்க்கும்போது இந்த இரண்டாம் வரியை மறவாதீர்கள் என்பதே நான் இன்று சொல்ல வந்ததன் சாரம்.

இனி நம் சுவருக்கு வருவோம்.

முதல் இணையில் இருப்பது தூக்கிச் செல்லும் காட்சி. ஒரு பக்கம் நம் ஊர். ஆடி மாதத்தில் குருநாதசுவாமி திருவிழா வந்துவிட்டால், பர்கூர் மலையின் செம்மாடுகளும் வெளிமாநிலத்துக் குதிரைகளும் சந்தைக்கு வந்து சேர, அந்தியூர் வேறோர் ஊராக மாறிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். வானளாவிய மகமேருத் தேரை மனிதர்கள் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டு செல்லும் காட்சியே இங்கே ஒட்டப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரம். ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் ஏசுநாதரும் அன்னை மரியும் வீற்றிருக்கும் கனத்த மேடைகளை அங்கே வீதியில் சுமந்து செல்கிறார்கள். மேடைக்குக் கீழே திரைக்குள் நாற்பது, ஐம்பது பேர் பிடரியில் பாரத்தைத் தாங்கி அடியெடுத்து வைக்கிறார்கள். இரு படங்களிலும் தெய்வம் கோயிலை விட்டு வீதிக்கு வருகிறது. இரண்டிலும் மக்கள் தாம் இருக்கும் இடத்திலேயே அதைக் காண்கிறார்கள். வலிமையுள்ளவன் தன் வலிமையைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக்குகிறான். மொழியும் மதமும் கடலும் பிரித்திருந்தும், மனிதன் தன் கடவுளைத் தோளில் சுமக்க விரும்புகிறான் என்பது இந்தப் பொதுமை.

ஆனால் இங்கேயே நில்லாமல் இரண்டாம் வரியையும் படிக்க வேண்டும். செவில் நகரில் அந்த மேடைகளை நெடுங்காலம் சுமந்தவர்கள் கூலிக்கு வந்த துறைமுகச் சுமைத் தொழிலாளிகள். 1973-ஆம் ஆண்டில் மாணவர்களின் சமய சங்கம் ஒன்று, இனித் தாங்களே சுமப்போம் என்று முன்வந்தது. மற்றச் சங்கங்களும் அதன் வழியில் சென்றன. கூலி வேலையாக இருந்தது, இடம் கிடைக்காதா என்று ஏங்கும் பெருமையாக மாறிவிட்டது. நம் நாட்டிலோ தெய்வத்தைச் சுமப்பது முன்பிருந்தே பெருமையாக இருந்தது. பல ஊர்களில் அந்தப் பெருமை நம்மவர் தோளுக்கு மறுக்கப்பட்டது. அதே தோளின் மீது செத்த மாட்டைச் சுமக்கும் கடமை ஏற்றப்பட்டது. தோள் ஒன்றுதான். ஒரு பாரத்துக்கு மாலை விழுந்தது, மற்றொரு பாரத்துக்குத் தீட்டு என்று பெயர் விழுந்தது. இந்த மூன்றாவது படத்தை எவரும் எடுத்து வைக்கவில்லை. அதனால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

இரண்டாம் இணையில் தீ எரிகிறது. நம் அந்தியூர்ப் பத்திரகாளியம்மன் கோயிலிலும், சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியிலும் பங்குனியில் குண்டம் இறங்குவதை அறியாதார் இங்கே இல்லை. அதற்கு இணையாக, தஞ்சை மாவட்டத்துக் காசவளநாடு புதூர் வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வூரில் இந்துக்களே பெரும்பான்மையினர். ஆயினும் மொகரத்தை ஊர்த் திருவிழாவாகக் கொண்டாடி, உள்ளங்கை வடிவத்தை அல்லா சாமி என்று வணங்கி, தீக்குழியில் இறங்குகிறார்கள். இவற்றோடு சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் தீமிதியையும் சேர்த்திருக்கிறார்கள். 1827-இல் தோன்றிய அக்கோயில் இருக்கும் அதே சாலையில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலும் நிற்கிறது. கடல் கடந்து சென்ற தமிழர்கள் தம் தீயையும் கொண்டு சென்றார்கள்.

மூன்று தீயையும் ஒருங்கே பார்க்கும்போது உள்ளம் உருகுகிறது. ஆயினும் ஒன்றாகத் தோன்றுவதால் அவை ஒன்றே என்று சொல்லிவிடலாகாது. மொகரத்தின் அடிநாதம் துயரம். கி.பி. 680-இல் கர்பலா மண்ணில் நீதிக்காக உயிர்நீத்த இமாம் உசேனின் நினைவு அது. குண்டத்தின் அடிநாதம் நேர்த்திக்கடன். நோயிலிருந்து பிள்ளையைக் காத்த தாய்க்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றும் நன்றி அது. சிங்கப்பூர்த் தீமிதியின் பின்னே பாரதக் கதையின் திரௌபதி நிற்கிறாள். வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பவை உட்பொருளில் வேறுபடக்கூடும். அந்த வேறுபாட்டை அறிந்து மதித்த பிறகு கிடைக்கும் ஒற்றுமையே நிலைக்கும். எல்லாம் ஒன்று என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர், எதையும் அருகில் சென்று பார்க்காதவராகவே இருப்பார்.

தீக்கும் ஓர் இரண்டாம் வரி உண்டு. குழியில் இறங்கும் கால்களைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் குழியை வெட்டியவர் யார்? விறகு பிளந்தவர் யார்? ஓரமாக வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சிறு தீயில் தப்பட்டையின் தோலைக் காய்ச்சி, சரியான நாதம் வரும் வரை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் யார்? பெருந்தீயில் இறங்குபவருக்குத் துணிவைக் கொடுத்தது அந்தச் சிறுதீயில் காய்ந்த தோலின் ஓசை அல்லவா?

மூன்றாம் இணையில் நடப்படும் மரம். நம் கொங்கு நாட்டு மாரியம்மன் திருவிழாக்களில் கம்பம் நடுகிறோம். கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து கோயில் முன் நட்டு, அதை அம்மனின் கணவனாகவே பாவித்து, பெண்கள் நாள்தோறும் குடம் குடமாக நீர் ஊற்றுகிறார்கள். இரவில் அதைச் சுற்றி இளைஞர்கள் ஆடுகிறார்கள். திருவிழா முடிந்ததும் அதைப் பிடுங்கி நீரில் விட்டுவிடுகிறார்கள். இதற்கு இணையாக வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் ஏறும் கொடியும், நாகூர்க் கந்தூரியின் கொடியும் வைக்கப்பட்டுள்ளன. நாகூரில் உள்ள மினார்களுள் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையின் மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். ஒரு மரம் நிமிர்ந்ததும் சாதாரண நாள் முடிந்து புனித நாள் தொடங்குகிறது. ஊர் ஒரு கட்டுக்குள் வருகிறது. நீர், கம்பம், கொடி, காப்புக் கயிறு எல்லாம் மூன்று சமயத்து ஏழைகளுக்கும் பழக்கமானவை. நோயும் வறட்சியும் மதம் பார்த்து வராததால், அவற்றிலிருந்து விடுதலை வேண்டும் வழிபாடும் ஒன்றையொன்று ஒத்துப் போகிறது.

நான்காம் இணை வாசல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே மதுரை வீரன் நிற்கிறான். நம் ஊர்ப்புறங்களிலும் எல்லையில் மதுரை வீரன் நிற்கிறான். அருந்ததியர் குடும்பத்தில் வளர்ந்தவன் என்று கதைப்பாடல்கள் போற்றும் வீரன், உள்ளே உறையும் தெய்வத்துக்கு வெளியே காவல் நிற்கிறான். அவனை வழிபட்ட மக்கள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே செல்ல 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் வைத்தியநாத ஐயர் அழைத்துச் செல்ல, கக்கன் முதலானோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையிலும் பொன்னர், சங்கரோடு போர்க்களம் புகுந்த சாம்புவன் இருக்கிறான். கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் 1964 முதல் 1966 வரை காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி அக்கதையைப் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். கதையில் உயிர் கொடுக்கும் உரிமை நமக்கு இருந்தது. கருவறை வரை செல்லும் உரிமைதான் இல்லை.

மாரியம்மன் கதையை இங்கே எண்ணிப் பாருங்கள். தாயைக் கொல்லத் துரத்திய மகனிடமிருந்து தப்ப, ரேணுகை சேரிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறாள். வெட்டிய வேகத்தில் இருவர் தலையும் விழுகின்றன. மீண்டும் உயிர் பெறும்போது தலைகள் மாறிப் பொருந்துகின்றன. நாடெங்கும் வணங்கப்படும் தாயின் உடலில் பாதி நம்முடையது என்று நம் பாட்டிமார் சொல்லி வந்த கதை அது. அந்தத் தாய் அஞ்சி ஓடிவந்தபோது அவளைக் கட்டியணைத்தவள் ஒரு சேரிப் பெண். அந்த அணைப்பை நன்றியோடு நினைவு வைத்திருக்கும் கோயில் எத்தனை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அன்பர்களே! படங்களை இணைத்து மனித குலத்தின் ஒற்றுமையைக் காட்டுவது நம் இளைஞர்கள் மட்டும் செய்த முயற்சியன்று. 1955-ஆம் ஆண்டில் எட்வர்டு ஸ்டைக்கன் என்பார் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் ‘மனிதக் குடும்பம்’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி அமைத்தார். 68 நாடுகளைச் சேர்ந்த 503 படங்களைப் பிறப்பு, காதல், உழைப்பு, வழிபாடு, இறப்பு என்று பொருள்வாரியாக அடுக்கினார். பின்னர் அது பல நாடுகளுக்குச் சென்றது. இலட்சக்கணக்கானோர் பார்த்துக் கண்கலங்கினர். இன்றும் அது லக்சம்பர்க் நாட்டின் கிளர்வோ கோட்டையில் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது.

அதைப் பாரிஸில் பார்த்த ரோலான் பார்த் என்ற அறிஞர் வேறொரு கேள்வியை எழுப்பினார். எல்லாரும் பிறக்கிறார்கள், எல்லாரும் உழைக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் ஒருவன் பிறக்கும்போதே பட்டினியில் பிறப்பதும், ஒருவன் உழைப்பின் பயனை மற்றொருவன் கொண்டு போவதும் இயற்கையின் ஏற்பாடா, மனிதனின் ஏற்பாடா என்று கேட்டார். 1955-இல் அமெரிக்காவில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கொன்றனர். அந்தச் சிறுவனின் பெற்றோரிடம் சென்று மனிதக் குடும்பத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள் என்ற கருத்தில் எழுதினார்.

பார்த் கேட்டது நமக்காகவும் கேட்ட கேள்வி. பொதுமையைக் காட்டும் இணைப்பு, அநீதியை மூடும் போர்வையாகவும் ஆகிவிடலாம். எல்லா மதமும் ஒன்றே, எல்லாரும் ஒரு தெய்வத்தின் பிள்ளைகளே என்ற சொற்களை மேடைகளில் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்தச் சொற்களைச் சொன்னவர்களின் வீதியில் நாம் செருப்போடு நடக்க முடிந்ததா என்பதே நம் முன்னோர் கண்ட அளவுகோல்.

வீதி என்ற சொல்லை இத்தனை முறை சொன்னதற்குக் காரணம் உண்டு. மேற்கே கணவாயைக் கடந்தால் பாலக்காடு. அங்கே கல்பாத்தித் தேர் புகழ் பெற்றது. தேர் செல்லும் அந்த அழகிய வீதியின் படங்களைப் பலரும் பார்த்திருக்கலாம். 1924-ஆம் ஆண்டுத் தேர்த் திருவிழாவின்போது, அந்த வீதியில் நடந்தார்கள் என்பதற்காக ஈழவர் முதலிய மக்கள் தாக்கப்பட்டார்கள். அதே 1924-இல்தான் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொது வீதிகளிலும் கிணறு, குளங்களிலும் எல்லா வகுப்பாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். வீரையன் அவர்களும் அதே மன்றத்தில் அந்த உரிமைக்காக ஓயாமல் குரல் கொடுத்தார். சட்டமன்றத்தில் நம் உரிமைக்காக வாதாடிய எல்.சி. குருசாமி அவர்கள் சென்னையில் இரவுப் பள்ளிகளையும் நடத்தினார். நம் கழகம் மாலை வகுப்பு நடத்தும்போது ஏற்றுவது அவர்கள் ஏற்றிய விளக்கைத்தான். பின்னர் அண்ணல் அம்பேத்கர் வகுத்த அரசமைப்பின் 15-ஆம் பிரிவு வீதியையும் கிணற்றையும் திறந்துவிட்டது, 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

ஆகவே ஒரு பழைய வீதிப் படத்தைக் கையில் எடுக்கும்போது, இதில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த வீதியில் அன்று யார் நடக்க முடியாது என்றும் கேளுங்கள். இது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய குறையன்று. விழுப்புரம் வட்டாரத்து எறையூரில் 2008-ஆம் ஆண்டில் கிறித்தவர்களுக்கு உள்ளேயே சாதியின் பெயரால் மூண்ட மோதல் உயிர்ப்பலியில் முடிந்தது. பழைய படங்களில் தேடிய சமயப் பொதுமைகளில் இதுவும் ஒன்று. மனத்துக்குக் கசப்பாயினும் இதையும் சுவரில் ஒட்டியாக வேண்டும்.

இப்போது இம்மண்டபத்தில் கடந்த வாரம் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். வலப்பக்கத்துச் சுவரில், மேல் வரிசையில், மூன்றாவதாக உள்ள படத்தைப் பாருங்கள். கொங்கு நாட்டு ஊர் ஒன்றின் தேர்த் திருவிழா. நடுவில் தேர். அதன் முன்னே தலைப்பாகை கட்டிய பெரியவர்கள். கீழே மூலையில், சட்டத்தின் விளிம்பு பாதியாக வெட்டிவிட்ட நிலையில், தப்பட்டை ஏந்திய ஒருவர். அடியில் தேரின் பெயர் அச்சிட்டிருக்கிறது. மாணவர்கள் இதைத் தேரின் அழகுக்காகவே ஒட்டினார்கள். அன்று மாலை பேத்தியை அழைத்துச் செல்ல வந்த பாட்டி ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எங்க அப்பாரு” என்றார். முகம் பாதிதானே தெரிகிறது, எப்படித் தெரியும் என்று கேட்டோம். “அவரு இடது கையிலதான் அடிகுச்சி புடிப்பாரு. ஊருல வேற யாரு அப்படி அடிச்சாங்க?” என்றார்.

படத்தைக் கழற்றினோம். பள்ளியில் படிக்கும் அந்தப் பேத்தி, தன் பாட்டி சொல்லச் சொல்ல, பின்புறத்தில் அவர் பெயரை எழுதினாள். அந்தப் பெயரை மேடையில் சொல்லட்டுமா என்று பாட்டியிடம் கேட்டேன். வேண்டாம் தம்பி, எழுதியது போதும் என்றார். ஆகவே சொல்லவில்லை. தேர் என்ற ஒன்றே தெரிந்த படத்தில் ஒரு மனிதர் வந்து நின்றுவிட்டார். இந்த ஒரு பெயரைக் கண்டுபிடித்தற்காகவே இந்தக் கண்காட்சி வெற்றி பெற்றது என்பேன்.

ஏன் பெயருக்கு இத்தனை மதிப்பு? நம்மைப் படம் எடுத்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்பாரின் துணையோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். அந்தத் தொகுதிகளின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் காண்பது சாதிப் பெயரே, மனிதனின் பெயரன்று. அளவெடுக்கப்பட்டவனுக்கும் வீட்டில் அழைக்க ஒரு பெயர் இருந்தது. அதை எவரும் கேட்கவில்லை. பாட்டி சொல்லப் பேத்தி எழுதிய பெயர், நூறாண்டுக் குறை ஒன்றைத் தீர்க்கத் தொடங்கிய எழுத்து.

இளைஞர்களுக்குச் சில யோசனைகள் கூற விரும்புகிறேன்.

இரண்டு படங்களை இணைக்கும் முன், ஒவ்வொன்றுக்கும் ஊர், ஆண்டு, திருவிழா, எடுத்தவர் ஆகிய விவரங்களைத் தனித்தனியே தேடி எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள்.

ஒத்திருப்பவற்றை ஒரு தாளிலும் வேறுபடுபவற்றை மற்றொரு தாளிலும் எழுதுங்கள். இரண்டாம் தாள் வெறுமையாக இருந்தால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

படத்தின் நடுவைப் பார்த்த பிறகு நான்கு விளிம்புகளையும் பாருங்கள். கொட்டுபவர், தீவட்டி பிடிப்பவர், வீதி கூட்டுபவர், தேருக்குக் கட்டை போடுபவர் ஆகியோர் அங்கேதான் நிற்பார்கள்.

படத்தைப் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நூலில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கும். அவர்களுக்குப் பின் எங்கும் இருக்காது.

பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்புறத்தில் ஊறிவிடும். கைபேசியில் படி எடுத்தபின் மூலப் படத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். கைபேசியில் சுற்றி வரும் பழைய படங்களுக்குப் பெரும்பாலும் ஊரும் இல்லை, பெயரும் இல்லை. நீங்கள் அனுப்பும் படத்துக்கு இரண்டும் இருக்கட்டும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிக் கணினியில் சேமித்தது. பெரிய நிறுவனங்கள் செய்யும் பணியை ஒரு தெருவின் அளவில் நாமும் செய்யலாம்.

நம்மைப் பற்றியும் நாம் உண்மை பேச வேண்டும். இச்சுவரில் உள்ள நம் வீட்டுப் படங்களை எண்ணிப் பார்த்தேன். ஆண்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். பெண்கள் பின்னால் நிற்கிறார்கள், பல படங்களில் இல்லவே இல்லை. தீர்த்தக் குடமும் முளைப்பாரியும் மாவிளக்கும் சுமந்தவர்கள் அவர்கள் அல்லவா? தேர்ப் படத்தின் விளிம்பில் நம்மை நிறுத்தினார்கள் என்று நாம் குறைகூறுகிறோம். நம் வீட்டுப் படத்தின் விளிம்பில் யாரை நிறுத்தினோம்? அருந்ததியர், பறையர், பள்ளர் என்று பிரிந்து நின்று, ஒருவர் திருவிழாவுக்கு மற்றவர் போகாத காலமும் நம்மிடையே உண்டு. அந்தப் படங்களையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நாம் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறோம் என்பது தெரியவரும்.

தப்பட்டையைப் பற்றியும் ஒரு சொல். இழிவு என்று கருதி இனிக் கொட்டமாட்டோம் எனக் கட்டுப்பாடு செய்த முன்னோர்கள் நம்மில் இருந்தார்கள். அடிமைத் தொழிலாகச் சுமத்தப்பட்டதை மறுத்த அவர்களது துணிவு போற்றத்தக்கது. இன்று அதே பறையை உரிமைக் கலையாக நம் மகள்களும் மேடையேறி முழக்குகிறார்கள். அதுவும் போற்றத்தக்கது. இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் முரணாகத் தோன்றலாம். இரண்டிலும் இருப்பது ஒரே கொள்கைதான்: கொட்டுவதா வேண்டாமா என்பதை இனி நாமே முடிவு செய்வோம் என்பது.

நிறைவாக ஒன்று. பொதுமையைத் தேடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. நான் இங்கே கண்ட பொதுமை ஒன்று உண்டு. செவில் வீதியிலும் நாகூர் வீதியிலும் நம் அந்தியூர் வீதியிலும் தெய்வம் ஏழையின் உழைப்பின் மேல் ஏறித்தான் வெளியே வருகிறது. எல்லாச் சமயங்களையும் இணைத்து நிற்பது அந்த உழைப்பு. அதற்கு உரிய மதிப்பைத் தருகிற அளவுக்கே ஒரு சமயம் மனிதர்க்கு உரியதாகும்.

இன்னும் சிறிது நேரத்தில் விழாக் குழுவினர் நம் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுக்கப்போவதாக அறிகிறேன். விழா மலரிலும் அது வெளிவரும். என் வேண்டுகோள் இதுதான்: வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக, ஒருவர் விடாமல் பெயர் எழுதுங்கள். சமையல் பந்தியில் வேலையாக இருக்கும் தாய்மார்களை அழைத்து வந்து நடுவில் நிறுத்துங்கள். பந்தல் கட்டிய தம்பிகளும் வந்து நிற்கட்டும். பொன்விழாக் காலத்தில் நம் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போது, விளிம்பில் நிற்பவர் யார் என்று எந்தப் பாட்டியையும் தேடி அலைய வேண்டிய நிலை வரக்கூடாது.